பூட்டக்கா நிறுத்திய காலை

அந்த ரத்தப் பரிசோதனைக் கம்பெனியில் எல்லோரும் அவளைப் பூட்டக்கா என்றுதான் சொன்னார்கள். முதலில் முகத்துக்கு நேரே அக்கா, முதுகுக்குப் பின்னால் பூட்டக்கா என்று இருந்தது. போகப் போக அந்த மரியாதையும் கழன்றுவிட்டது. போனை எடுத்தால், "பூட்டக்காவா? எங்க கம்ப்யூட்டர் மறுபடியும் மூஞ்சியத் திருப்பிக்கிச்சு" என்று நேராகவே ஆரம்பித்துவிடுவார்கள். அவளும் கோபித்துக்கொண்டதில்லை. கோபப்படவும் கொஞ்சம் தெம்பு வேண்டுமே.

பதினெட்டு வருடத்துக்கு முன்னால் ரிசல்ட் டைப் அடிக்கத்தான் அங்கே சேர்ந்தாள். படித்தது தாவரவியல். அப்போது கம்பெனிக்கு ஒரே கட்டடம், நான்கு கம்ப்யூட்டர். ஏதாவது நின்றுபோனால் மற்றவர்கள் டீ குடிக்கப் போவார்கள். இவள் மட்டும் குனிந்து ஒயரைப் பிடுங்கிச் செருகிப் பார்ப்பாள். அப்படிப் பார்த்துப் பார்த்தே அந்த வேலை இவள் தலையில் வந்து உட்கார்ந்துகொண்டது. நான்கு நாற்பதானபோது, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மேசையாகப் போய், பாஸ்வேர்டு மாற்று, இதை நிறுத்து, அதைத் திற என்று கைப்படச் செய்தாள். இப்போது பெரிய லேப் ஒன்று, ஊரெங்கும் ரத்தம் எடுக்கும் கிளைகள் பதினொன்று, மொத்தம் இருநூற்று அறுபத்தெட்டுக் கம்ப்யூட்டர்கள். நடந்துபோய்ச் செய்கிற காரியம் இல்லை.

அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் உட்கார்ந்து செய்யும் வழியைக் கற்றுக்கொண்டாள். நடுவில் ஒரு சர்வர். அதில் விதியை எழுதி வைத்துவிட்டால் போதும். ஒவ்வொரு கம்ப்யூட்டரும் ஒன்றரை மணி நேரத்துக்குள் ஒருமுறை அங்கே எட்டிப் பார்த்து, புதிதாக என்ன உத்தரவு என்று கேட்டு வாங்கிக்கொண்டு போகும். பாஸ்வேர்டு எத்தனை எழுத்து இருக்க வேண்டும், ஆள் எழுந்துபோனால் எத்தனை நிமிடத்தில் திரை பூட்டிக்கொள்ள வேண்டும், யார் பென்டிரைவ் செருகலாம், யார் செருகக் கூடாது, எல்லாம் அங்கிருந்துதான்.

அவள் அறை சர்வருக்குப் பக்கத்து அறை. சர்வருக்குச் சூடு ஆகாது என்பதால் ஏசி எப்போதும் ஓடும், ஜன்னல் கிடையாது. வெளியே ஊரே வியர்வையில் நனையும்போது இவள் கணவரின் பழைய ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் யாரோ அவள் கதவில், 'சீக்கிரம் உள்ளே வரவும், பத்து நிமிடத்தில் தானே பூட்டிக்கொள்ளும்' என்று எழுதி ஒட்டிவிட்டுப் போனார்கள். கையெழுத்து நன்றாக இருந்தது. கிழிக்க மனம் வராமல் விட்டுவிட்டாள்.

அவளைச் சலிப்படைய வைத்தது கேலி இல்லை. விலக்குதான். எந்த விதி போட்டாலும் அடுத்த நாளே ஒருவர் வந்து நிற்பார்: எல்லோருக்கும் சரி, எனக்கு மட்டும் வேண்டாம். முதலாளியின் மைத்துனர்தான் மார்க்கெட்டிங் மேனேஜர். அவருக்குப் பாஸ்வேர்டு மாற்றவே கூடாது, மறந்துவிடுமாம். லேப் தலைமை டாக்டருக்குத் திரை பூட்டக் கூடாது. இப்படியே விலக்குப் பட்டியலில் முப்பத்தொரு பேர் சேர்ந்துவிட்டார்கள். இதைவிடப் பெரிய தலைவலி ஒன்று உண்டு. பதினொரு கிளைகளின் வரவேற்பு மேசைகளிலும் கம்ப்யூட்டருக்குள் நுழைய ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. ஆட்கள் வருவதும் போவதுமாக இருக்கிறார்கள், ஆளுக்கொரு பெயரெல்லாம் கட்டுப்படியாகாது என்று மைத்துனர் ஒரே பிடியாக நின்றார். இது ஆபத்து என்று இவள் வருடா வருடம் கடிதம் எழுதினாள். பதில் வராத கடிதங்கள் ஒன்பது சேர்ந்தன.

அந்த வருடம் வேறொரு ஊரில், வேறொரு பரிசோதனைக் கம்பெனிக்குள் திருடர்கள் நெட்வொர்க் வழியாகப் புகுந்து, நோயாளிகளின் கோப்புகள் அத்தனையையும் பூட்டிவிட்டு, திறக்கப் பணம் கேட்டார்கள். செய்தியைப் படித்த முதலாளிக்கு அன்றிரவு தூக்கம் போயிருக்க வேண்டும். காலையில் இவளைக் கூப்பிட்டு, எல்லாவற்றையும் இறுக்கிவிடுங்கள், ஒரு வாரம்தான் என்றார். மூன்று வாரம் கொடுங்கள், முதலில் பத்துக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிறேன் என்று கேட்டாள். ஒரு வாரம் என்றார் மறுபடியும். கத்தவில்லை, பயந்த மனிதர் பேசுகிற குரல் அது. அதற்கு மேல் என்ன வாதாடுவது?

வீட்டிலும் அப்போது நேரம் சரியில்லை. மாமியார் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுக்கையில் இருந்தார். கணவர் டிரைவிங் ஸ்கூலில் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். விடியற்காலையிலேயே ஆட்கள் வந்துவிடுவார்கள். ஆகவே மாமியாரைத் திருப்பிப் படுக்க வைப்பது, துடைத்துவிடுவது, மாத்திரை கொடுப்பது எல்லாம் இவள் பாடு. பன்னிரண்டு நாளாகக் கண் அசந்தால் கூப்பிடும் குரல். மாமியார் மோசமானவர் இல்லை. வாய்தான் சும்மா இருக்காது. "வேலைக்குப் போயி பட்டனத் தட்டுறதுக்கா இவ்வளவு அசதி?" என்பார். இவளுக்கும் சில நாள் அந்தச் சந்தேகம் வந்ததுண்டு.

அந்தச் செவ்வாய்க்கிழமை, கூட்டம் வருவதற்குள் ஆரம்பித்துவிடலாம் என்று சீக்கிரமே வந்துவிட்டாள். புதிய விதிகள் தயாராக இருந்தன. ஐந்து நிமிடம் சும்மா இருந்தால் திரை பூட்டிக்கொள்ள வேண்டும். பாஸ்வேர்டை ஐந்து முறை தப்பாக அடித்தால் அந்தப் பெயரே முடங்கிவிட வேண்டும். முதலில் தன் அறைக்குப் பக்கத்திலிருக்கும் பத்துக் கம்ப்யூட்டர்களுக்கு மட்டும் என்று அவற்றைத் தனிக் குழுவாகப் பிரித்து வைத்திருந்தாள். விதியை மாட்டினாள். வேலை முடிந்தது என்று கணினியை அப்படியே விட்டு, கண்ணைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

எட்டரைக்கு முதல் போன். நான்காவது கிளை. திரை சும்மா சும்மா பூட்டிக்கொள்கிறது என்றார்கள். அதை வைப்பதற்குள் இரண்டாவது கிளை: பாஸ்வேர்டை வாங்கவே மாட்டேன் என்கிறது. பிறகு ஏழு, ஒன்பது, ஒன்று என்று வரிசையாக அடித்தது. வரவேற்பு மேசைகளின் அந்தப் பொதுப் பெயர் முடங்கிக் கிடந்தது. முடக்கத்தை எடுத்துவிட்டாள். ஏழாவது நிமிடம் மறுபடியும் முடங்கியது. யாரோ எங்கிருந்தோ அதன் மேல் விடாமல் மோதுகிறார்கள். செய்தித்தாளில் வந்தவர்கள் இங்கேயும் வந்துவிட்டார்கள் என்றே நினைத்தாள்.

கிளைகளில் அது நெரிசலான நேரம். வெறும் வயிற்றோடு வரிசையில் நிற்பவர்கள். பெயரைப் பதிந்தால்தான் குழாயில் ஒட்டும் சீட்டு வரும். சீட்டு இல்லாமல் ரத்தம் எடுத்தால் யாருடைய ரத்தம் என்று யாருக்குத் தெரியும்? நர்ஸுகள் ஊசியை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள்.

அவள் விதிகள் இருக்கும் பக்கத்தைத் திறந்தாள். திருடன் எதை மாற்றியிருக்கிறான் என்று பார்ப்பதற்காகத்தான் திறந்தாள். மேலிருந்து கீழே இறங்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. உச்சியில், மொத்தக் கம்பெனிக்கும் தலைமேல், அவள் எழுதிய விதி தொங்கிக்கொண்டிருந்தது. மாட்டியவர் பெயர் என்ற இடத்தில் அவள் பெயர். நேரம், ஏழு நாற்பத்தாறு. பத்துக் கம்ப்யூட்டர்களின் குழு விதி எதுவும் மாட்டாமல் கீழே கிடந்தது. ஒரு வரி மேலே கிளிக் செய்திருக்கிறாள். எச்சரிக்கைப் பெட்டி ஒன்று வந்திருக்கும். அதற்கும் 'சரி' கொடுத்திருக்கிறாள்.

எல்லாம் புரிந்துபோனது. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை திரை பூட்டிக்கொள்ள, பதினொரு கிளைகளிலும் அவசர அவசரமாகப் பாஸ்வேர்டு அடித்திருக்கிறார்கள். எங்கோ ஒருவர் ஐந்து முறை தப்பாக அடித்திருக்கிறார். ஒரே பெயர் என்பதால் எல்லோருக்கும் சேர்த்துப் பூட்டு விழுந்துவிட்டது.

விதியைக் கழற்ற ஒரு நொடி போதும். ஆனால் வாங்கிக்கொண்டு போன கம்ப்யூட்டர்கள் மறுபடி வந்து கேட்டால்தானே அவற்றுக்குத் தெரியும்? அதற்கு இன்னும் ஒன்றரை மணி நேரம் ஆகலாம். எனவே ஒவ்வொரு கிளையாகப் போன் போட்டு, எல்லாக் கம்ப்யூட்டரையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னாள். மூன்றாவது கிளையில் மூத்த நர்ஸ் எடுத்தார். பின்னால் ஒரே சத்தம். சர்க்கரை வியாதிக்காரப் பெரியவர் ஒருவர் வரிசையில் நின்றபடியே மயங்கிச் சரிந்துவிட்டார். கீழே விழுமுன் நர்ஸ் தாங்கிப் பிடித்துவிட்டார். சர்க்கரைத் தண்ணீர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள்.

"நல்லாத்தான் இருக்காரு இப்ப. ஆனா என்னதான் நடக்குது அங்க?" என்று நர்ஸ் கேட்டார்.

சரி பண்ணிக்கொண்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த கிளையின் எண்ணை அழுத்தினாள். எல்லாம் ஓடத் தொடங்கியபோது பத்தடிக்கப் பத்து நிமிடம் இருந்தது.

மத்தியானம் முதலாளி அறையில் கூட்டம். நோயாளிகளுக்கு ஒரு விளக்கம் அனுப்ப வேண்டும். என்ன எழுதுவது என்று பேச்சு. மைத்துனர் ஏற்கெனவே எழுதியே கொண்டுவந்திருந்தார். சாஃப்ட்வேர் கம்பெனி அனுப்பிய அப்டேட்டில் கோளாறு, வருந்துகிறோம். அழகாக இருந்தது. யாரும் மறுபேச்சு பேசப் போவதில்லை. அந்த விதிகளின் பக்கத்தைத் திறந்து, மாட்டியது யார் என்று பார்க்கத் தெரிந்தவள் அந்தக் கட்டடத்திலேயே இவள் ஒருத்திதான். வாயை மூடிக்கொண்டு எழுந்து போயிருக்கலாம். அவள் வாயைத் திறந்தது நல்லவள் என்று பெயரெடுக்கும் ஆசையில் இல்லை; பொய்யை நினைவில் வைத்துக்கொள்ளும் வேலையும் தன் தலையில் ஏறுமே என்ற அலுப்புதான் என்று பிற்பாடு கணவரிடம் சொன்னாள்.

"அப்டேட் எதுவும் வரல சார்," என்றாள். "பத்து கம்ப்யூட்டருக்குப் போட வேண்டியத எல்லாத்துக்கும் போட்டுட்டேன். நான்தான் பண்ணேன்."

மைத்துனர் காகிதத்தை மடித்தார். முதலாளி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"எல்லாத்தையும் எடுத்துடுங்க," என்றார் கடைசியில். "பழசு புதுசு எல்லாம். யாரும் எதையும் பூட்ட வேண்டாம். நான் சொல்ற வரைக்கும்."

திட்டியிருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பாள். இது அதைவிடக் கனமாக இறங்கியது. திருடனுக்குப் பயந்து ஆரம்பித்த காரியம், கதவைக் கழற்றி வைப்பதில் வந்து முடிந்தது. அறைக்குப் போய், பத்து வருடமாக ஒன்றொன்றாகச் சேர்த்த விதிகளை ஒன்றொன்றாகக் கழற்றினாள். கண்ணில் தண்ணீர் வரவில்லை. கால் மட்டும் வலித்தது.

சாயங்காலம் கணவர் மாமியாருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். நடந்ததைச் சொன்னாள். அவர் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்.

"எனக்கு ஒரு காரு, ஒரு பிரேக்கு. நான் தப்பா மிதிச்சா ஒரு வண்டிதான் நிக்கும்," என்றார். "உனக்கு எத்தனை?"

"இருநூத்தி அறுபத்தெட்டுங்க."

"அதான் களைச்சுப் போற."

மாமியார் ஏதோ சொல்ல வாயைத் திறந்தவர், மகன் முகத்தைப் பார்த்துவிட்டு அடுத்த வாய்க் கஞ்சிக்குத் திறந்தது போலக் காட்டிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, யாரும் சொல்லாமலே, மூன்றாவது கிளைக்குப் பஸ் ஏறிப் போனாள். கிளைகள் தொடங்கிய புதிதில் ஒயர் இழுக்கப் போனது. அதற்குப் பிறகு எல்லாம் அறையிலிருந்தே. மூத்த நர்ஸ் அவளை ஏற இறங்கப் பார்த்தார். ஐம்பதைத் தாண்டியவர், பேச்சில் சுற்றி வளைப்பது கிடையாது.

"நீங்க பூட்டுறீங்க, சரி. நான் ஒரு காலையில எத்தனை தடவை கையுறை கழட்டுறேன்னு உங்களுக்குத் தெரியுமா?"

தெரியாது என்றாள். அப்படியானால் உட்கார்ந்து பாருங்கள் என்று ஒரு ஸ்டூலைக் காட்டினார் நர்ஸ். உட்கார்ந்தாள். கையுறையோடு ரத்தம் எடுத்து, அதைக் கழற்றிவிட்டுத் திரையைத் திறந்து, பதிந்து, புதுக் கையுறை மாட்டி, அடுத்தவர். நடுவில் நரம்பு கிடைக்காத குழந்தை ஒன்று பத்து நிமிடம் எடுத்துக்கொண்டது. திரும்பிப் பார்த்தால் திரை பூட்டியிருந்தது. விதிகளைத்தான் எடுத்தாகிவிட்டதே என்று அவள் குழம்ப, அந்தக் கம்ப்யூட்டரை அன்றைக்கு யாரும் அணைத்துப் போடவேயில்லை என்றும், ஒயர் சுவரிலிருந்து பாதி கழன்று கிடப்பதால் தொடர்பு விட்டு விட்டு வந்து, உத்தரவு எதுவும் முழுதாக எட்டவில்லை என்றும் தெரிந்தது. ஒயரைச் செருகினாள். மானிட்டரின் அடியில் பிளாஸ்திரி ஒட்டி அதில் பாஸ்வேர்டை எழுதி வைத்திருந்தார்கள். தன் அறையில் இருந்திருந்தால் அதைப் பார்த்து ரத்தம் கொதித்திருக்கும். இங்கே உட்கார்ந்திருந்தபோது, வேறென்னதான் செய்வார்கள் என்று தோன்றியது.

பத்து மணி வாக்கில் ஒரு பெரியவர் வந்தார். நர்ஸ் இவளைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். அன்று மயங்கிச் சரிந்தவர். அன்றைக்கு விட்டுப்போன பரிசோதனைக்கு மறுபடி வந்திருந்தார். ரத்தம் எடுத்து முடித்து, பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்தவர் பக்கத்தில் இவள் போய் உட்கார்ந்தாள்.

"ஐயா, அன்னைக்கு கம்ப்யூட்டர் நின்னுபோச்சுல்ல, அது என்னாலதான்."

பெரியவருக்குக் காது மந்தம். "கம்ப்யூட்டரா? நீங்கதான் சரி பண்ணீங்களா?"

"இல்லைங்கய்யா, நிறுத்தினது நான்."

"நல்லா இருங்கம்மா," என்றார் அவர். "பாவம், அந்தப் பொண்ணுங்க அன்னைக்கு ரொம்பத் திண்டாடிப் போச்சுங்க. நீங்க இல்லன்னா கஷ்டந்தான்."

மூன்றாவது முறையும் சொல்லிப் பார்க்க வாயெடுத்தாள். அவர் பஞ்சைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு, இவள் தலையைத் தொட்டு ஆசீர்வாதம் போல ஏதோ செய்துவிட்டு, மெதுவாக வாசலைப் பார்த்து நடந்தார். நர்ஸ் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பிக்கொண்டார். இவளுக்கு அந்த ஆசீர்வாதம் வீடு வரைக்கும் தலையிலேயே உறுத்திக்கொண்டு வந்தது.

பிறகு பதினொரு கிளைகளுக்கும் போனாள். வாரத்துக்கு இரண்டு காலை என்று இரண்டு மாதம் ஆனது. எந்தக் கம்ப்யூட்டர் எந்த மூலையில் இருக்கிறது, யார் தொடுகிறார்கள், என்ன கையோடு தொடுகிறார்கள், எதற்காக எழுந்து போகிறார்கள் என்று எல்லாவற்றையும் எழுதினாள். விதியை அதற்குத் தகுந்த மாதிரி பிரித்தாள். ரத்தம் எடுக்கும் அறையில் பாஸ்வேர்டு வேண்டாம். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் காட்டினாலே திறக்கும். பரிசோதனை இயந்திரங்களோடு இணைந்தவை பூட்டிய அறைக்குள் இருப்பதால் அவற்றின் திரை பூட்ட வேண்டியதில்லை. வரவேற்பில் ஆளுக்கொரு பெயர்.

முதலாளி இதற்கிடையில் வெளியிலிருந்து ஒரு கம்பெனியை வரவழைத்து எல்லாவற்றையும் சோதிக்கச் சொன்னார். தன் வேலைக்கு உலை வைக்கத்தான் என்று அவள் நினைத்தாள். வந்தவர்கள் இரண்டு நாள் இருந்து, நாற்பது பக்க அறிக்கை கொடுத்துவிட்டுப் போனார்கள். முதல் பக்கத்திலேயே பெரிய எழுத்தில், பொதுப் பெயர் ஆபத்து என்று இருந்தது. முதலாளி அவளைக் கூப்பிட்டு, இதை ஏன் முன்பே சொல்லவில்லை என்று கேட்டார்.

"சொன்னேன் சார்," என்றாள். ஒன்பது கடிதங்களையும் எடுத்துக் காட்டியிருக்கலாம். அதற்கு மறுபடி மாடியேறி இறங்க வேண்டும். விட்டுவிட்டாள்.

முதலாளி சரி என்றதும், புது விதிகள் ஒரு கிளை, ஒரு வாரம் என்ற கணக்கில் ஒவ்வொன்றாக ஏறின. ஒவ்வொரு முறையும் மாட்டுவதற்கு முன் கையை மேசையில் வைத்துக்கொண்டு, எந்த வரியில் இருக்கிறோம் என்று வாய்விட்டுப் படிப்பது பழக்கமாகிவிட்டது. பெரிய சண்டை எதுவும் வரவில்லை. விலக்குப் பட்டியல் முப்பத்தொன்றிலிருந்து நான்குக்கு வந்தது. அந்த நான்கில் மைத்துனர் இருக்கிறார். இன்னும் பாஸ்வேர்டு மாற்றவில்லை. அவரோடு மல்லுக்கட்டுவதை அடுத்த வருடத்துக்குத் தள்ளி வைத்திருக்கிறாள். யாரும் பாராட்டவில்லை. போன் மட்டும் குறைந்தது. பூட்டு நன்றாக வேலை செய்தால் அதைப் பற்றிப் பேச என்ன இருக்கிறது?

மாமியார் கம்பு ஊன்றி எழுந்து நடக்கத் தொடங்கிய வாரம், முதலாளியிடமிருந்து போன் வந்தது. பன்னிரண்டாவது கிளை திறக்கிறார்கள். இருபத்திரண்டு கம்ப்யூட்டர். திங்கட்கிழமை திறப்பு. அன்று வெள்ளிக்கிழமை. இவளிடம் சொல்ல எல்லோரும் மறந்துவிட்டிருந்தார்கள்.

"அங்க இருந்தே போட்டுடலாமில்ல மேடம்? நீங்க அலைய வேணாமே," என்றார், நல்லெண்ணத்தோடுதான்.

"போய்ப் பாத்துட்டு வந்து போடுறேன் சார்."

சனிக்கிழமை காலை பஸ்ஸில் நிற்க இடமில்லை. இரண்டு நிறுத்தம் தள்ளி ஒரு சீட் கிடைத்தது. ஸ்வெட்டரை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, அதன் மேல் பையை வைத்து, இறங்கும் இடம் வந்தால் எழுப்பிவிடும்படி பக்கத்து சீட் பெண்ணிடம் சொல்லிவிட்டுக் கண்ணை மூடினாள்.